தொடரிலக்கத்தின் பெறுமதி எதில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

நாணயத்தாள் சேகரிப்பவர் தாளின் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தொடரிலக்கத்தைப் பார்ப்பார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை இப்பகுதியை நிரப்பிவிட்டன. வீட்டில் பழைய தாள்கள் வைத்திருப்பவரின் பெயரை அச்சிடுவது முறையன்று என்பதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நான் தரம் 10 மாணவன். பின்னேரங்களில் அப்பாவின் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்வேன். சென்ற கிழமை ஒருவர் தந்த 20 ரூபாத் தாளில் 274472 என்ற எண் இருந்தது. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் அது ஒன்றாகவே இருக்கிறது. இதைப் பல ஆயிரம் ரூபாவுக்கு விற்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?
– திருகோணமலை நகர்

பதில்: தம்பி, அந்தத் தாளைக் கண்டதும் தனியே எடுத்து வைத்தீர்களே, அது நல்ல காரியம். பல ஆயிரம் என்ற பேச்சு மட்டும் சரியன்று. அது ஏன் சரியன்று என்பதை என் வாயால் கேட்டு நம்புவதைவிட நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு உங்கள் வகுப்புக் கணிதமே போதும்.

முதலில் தொடரிலக்கத்தின் அமைப்பைப் பாருங்கள். இன்று நம் கையில் புழங்கும் தாள்களிற் பெரும்பாலானவை இலங்கை மத்திய வங்கி 2011 பெப்ரவரி 4ஆம் திகதி வெளியிட்ட தொடரைச் சேர்ந்தவை. முதலில் அச்சான தாள்களில் 2010 ஜனவரி 1 என்ற திகதி இருப்பதால் சேகரிப்பவர்கள் அதனை 2010 தொடர் என்பார்கள். அத்தொடரில் ஒவ்வொரு பெறுமதிக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு: 20 ரூபாவுக்கு டபிள்யூ, 50 ரூபாவுக்கு வீ, 100 ரூபாவுக்கு யூ, 500 ரூபாவுக்கு ரீ, 1000 ரூபாவுக்கு எஸ், 5000 ரூபாவுக்கு ஆர். எழுத்தை அடுத்து ஒரு சாய்கோடும், அதன் பின் தொகுதி இலக்கமும், அதற்கும் பின் ஆறு இலக்க எண்ணும் வரும். ஒரு தொகுதியில் ஏறக்குறையப் பத்து இலட்சம் தாள்கள் அடங்கும். ஆகவே டபிள்யூ எழுத்தில் எத்தனை தொகுதிகள் அச்சாகியிருக்கின்றனவோ, ஏறக்குறைய அத்தனை 274472 இந்த நாட்டில் புழக்கத்துக்கு வந்திருக்கும்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். செய்யுளில் மாலைமாற்று என்று சொல்வோமே, அதே குணம்தான் இதற்கும். சேகரிப்பவர்கள் இதை ரேடார் என்பார்கள், ஏனெனில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் இரு பக்கத்திலிருந்தும் ஒன்றாகவே வாசிக்கப்படும். ஆறு இலக்க மாலைமாற்றில் முதல் மூன்று இலக்கங்களைத் தெரிந்துகொண்டால் பின் மூன்றும் தாமாகவே முடிவாகிவிடும். முதல் மூன்றுக்கு 000 தொடக்கம் 999 வரை ஆயிரம் வழிகள் இருக்கின்றன. எல்லாம் பூச்சியமாக வரும் ஒன்றைக் கழித்தால் 999. அதாவது பத்து இலட்சம் தாளில் 999 மாலைமாற்றுகள், ஆயிரத்துக்கு ஒன்று. உங்கள் கல்லாவில் நாளொன்றுக்கு 200 தாள்கள் கைமாறுகின்றன என்று வைத்துக்கொண்டால், கவனித்துப் பார்ப்பவருக்குச் சராசரியாக ஐந்து நாளுக்கு ஒன்று கிடைக்கும். நீங்கள் இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்; இதுவரை எத்தனையோ அதே கல்லா வழியாகப் போயிருக்கும்.

அந்த 999க்குள்ளும் தரம் உண்டு. மூன்று வெவ்வேறு இலக்கங்களால் ஆனவை 720. உங்களுடைய தாள் இந்தப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டே இலக்கங்களால் ஆனவை, உதாரணமாக 277772 போன்றவை, 270. ஆறும் ஒரே இலக்கமாக வருபவை 111111 தொடக்கம் 999999 வரை ஒன்பதே ஒன்பது. பத்து இலட்சத்தில் ஒன்பது என்றால், நாளொன்றுக்கு 200 தாள் என்ற அதே கணக்கில் சராசரியாக ஒன்றரை வருடத்துக்கு ஒன்றுதான் கண்ணில் படும். ஏணிப்படி போல ஏறியோ இறங்கியோ வரும் எண்களும் ஏறக்குறைய அவ்வளவு அரியவைதான்: 012345 தொடக்கம் 456789 வரை ஏறுமுகமாக ஐந்து, 987654 தொடக்கம் 543210 வரை இறங்குமுகமாக ஐந்து, மொத்தம் பத்து. இதற்கு மாறாக, 733737 போல இரண்டு இலக்கங்கள் மாத்திரம் எந்த ஒழுங்குமின்றிக் கலந்து வரும் எண்கள் கண்ணுக்குக் கவர்ச்சியாக இருந்தாலும் ஒரு தொகுதியில் 2790 வரை இருக்கின்றன. அவை மாலைமாற்றைவிட ஏறக்குறைய மும்மடங்கு எளிதாகக் கிடைப்பவை. அழகு வேறு, அருமை வேறு என்பதை இந்த ஒரு கணக்கிலேயே காணலாம்.

எண்ணைத் தவிரத் தாளின் நிலையையும் பார்க்க வேண்டும். கல்லாவுக்கு வந்த தாள் பல கைகளில் மடிந்து, வியர்வை பட்டு, ஓரம் மழுங்கியிருக்கும். மடிப்பே காணாத புதுத் தாளில் உள்ள மாலைமாற்றை விரும்பி வாங்குபவர், மடிந்த தாளில் உள்ள அதே எண்ணுக்கு அதன் முகப்பெறுமதியைவிடச் சற்றுக் கூடத் தரலாம், அவ்வளவுதான். ஆனாலும் அதை விற்காதீர்கள். கண் பழகி, தானாகக் கண்டுபிடித்த முதல் தாள் ஒரு சேகரிப்பில் வேறெதற்கும் ஈடாகாது. 20 ரூபாவில் தொடங்கியதும் நல்லதே. 5000 ரூபாத் தாளில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்கள் மாதக் கடைசியில் சேகரிப்பைச் செலவழித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லித் தருகிறேன். வங்கியிலிருந்து நூறு புதுத் தாள் கொண்ட கட்டு வந்தால் நூறையும் புரட்ட வேண்டியதில்லை. முதல் தாளின் மூன்றாம், நான்காம் இலக்கங்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். 457701இல் தொடங்கும் கட்டில் அவ்விரண்டும் 7. ஆகவே அதற்குள் 457754 என்ற மாலைமாற்று நிச்சயமாக இருக்கும், ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவ்விரண்டும் வேறாக இருந்தால் அக்கட்டில் மாலைமாற்றைத் தேடுவது வீண். அதேபோல முதலாம் இலக்கமும் நான்காம் இலக்கமும் ஒன்றானால், 457457 போல மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வரும் எண் அக்கட்டுக்குள் இருக்கும். இரண்டையும் கடையிலிருந்தே சரிபார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் மாமி ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் வங்கியில் புதுத் தாள் மாற்றி வந்து, வெற்றிலையில் வைத்துக் கைவிசேடம் தருவார். எனக்கும் தங்கைகளுக்கும் நான்கு வருடங்களாகக் கிடைத்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஒரே வருடத்துத் தாள்கள் அடுத்தடுத்த எண்களாக இருக்கின்றன. இவற்றை வைத்திருக்கலாமா, செலவழிக்கலாமா?
– உப்புவெளி

பதில்: வைத்திருங்கள் அம்மா, தங்கைகளுடைய தாள்களையும் கேட்டு வாங்கி ஒன்றாகவே வைத்திருங்கள். அடுத்தடுத்த எண்கள் அமைவது தற்செயல் அன்று. தாள்கள் பெரிய பலகைத் தாளில் பல நிரைகளாக அச்சாகின்றன. ஒரு பலகைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தாள்களுக்கு அடுத்தடுத்த எண்கள் இடப்படுவதில்லை. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும் பலகைகளில் ஒரே இடத்தில் இருக்கும் தாள்களுக்கே எண்கள் வரிசையாக ஓடும். நூறு பலகைகளை அடுக்கி வெட்டினால் ஒவ்வோர் அடுக்கும் அப்படியே வரிசை எண் கொண்ட ஒரு கட்டாக வெளியே வரும். உங்கள் மாமி வாங்கிய கட்டு அப்படி வந்ததுதான்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. வரிசை உடையாமல் மூன்று நான்கு தாள்கள் மடிப்பின்றி இருந்தால் சேகரிப்பவர் விரும்புவார். எனக்கு இவற்றில் அருமையாகத் தோன்றுவது வேறு: எந்த வருடம், யார் கையால், யாருக்குக் கிடைத்தது என்று தெரிந்த தாள்கள் மிகக் குறைவு. அந்த விபரத்தைத் தாளில் எழுதாமல் தனிக் கடதாசியில் எழுதிக் கூடவே வையுங்கள். ஈரம் துடைக்காத வெற்றிலை ஒரு நிமிடத்திலேயே தாளில் பச்சைக் கறை வைத்துவிடும். வரும் சித்திரைக்கு வெற்றிலையை நன்றாகத் துடைத்து, இடையில் ஒரு மெல்லிய கடதாசியை வைக்கும்படி மாமியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 786 என்று முடியும் தாள்களை என் வாப்பா பல வருடமாகப் பணப்பையில் வைத்திருக்கிறார். இந்தியாவில் அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்களே?
– கிண்ணியா

பதில்: பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்ற வாசகத்தின் அரபு எழுத்துகளுக்குரிய எண் மதிப்பைக் கூட்டினால் 786 வரும் என்பதால், இந்தியாவிலும் நம் நாட்டிலும் பலர் அந்த எண்ணை விரும்பி வைத்திருக்கிறார்கள். விருப்பம் பெரிது, உண்மைதான். ஆனால் எண்ணிக்கையும் பெரிது. 786 என்று முடிபவை பத்து இலட்சத்தில் ஆயிரம். ஆறு இலக்கத்துக்குள் எங்காவது 786 வரும் தாள்களைச் சேர்த்தால் 3999. வாப்பாவின் பணப்பையில் உள்ளவை அவருடைய மனத்துக்கு உரியவை, அப்படியே இருக்கட்டும். சேகரிப்பாகத் தேட விரும்பினால் 786786 என்ற எண்ணைத் தேடுங்கள். அது ஒரு தொகுதிக்கு ஒன்றுதான் இருக்கும்.

கேள்வி: நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். புதுக் கட்டுகளை எண்ணும்போது சில வேளைகளில் வரிசைக்குப் பொருந்தாத எழுத்தோடு ஒரு தாள் வரும். அக்காலத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை. அது என்ன?
– மூதூர்

பதில்: ஐயா, தங்கள் கையால் போனவை சேகரிப்பவர்கள் தேடித் திரிபவை. அச்சகத்தில் இறுதிப் பரிசோதனையின்போது மை பரவியோ வெட்டுத் தவறியோ பழுதான தாள் கண்டுபிடிக்கப்பட்டால் அது அழிக்கப்படும். அதே எண்ணில் இன்னொன்றை அச்சிட்டுச் செருகுவதற்கு இயந்திரத்தைத் திரும்ப அமைக்க வேண்டும், அது வீண் வேலை. அதனால் தனி அடையாளத்தோடு முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருக்கும் மாற்றுத் தாள் ஒன்று அந்த இடத்தை நிரப்பும். கட்டில் நூறு என்ற கணக்கு குறையாமல் இருக்கும். வரிசை மட்டும் அந்த இடத்தில் முறியும்.

அமெரிக்காவில் இத்தகைய தாளில் 1910 முதல் ஒரு நட்சத்திரக் குறி இடப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2006இல் 10, 20, 50 ரூபாத் தாள்களில் அதே நட்சத்திர முறையைத் தொடங்கி, 2016இல் புதிய 500 ரூபாத் தாளுக்கும் அதனைக் கொண்டுவந்தது. நம் நாட்டின் 2010 தொடரில் நட்சத்திரம் இல்லை. வழக்கமான எழுத்துக்குப் பதிலாக ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான இசெட் முன்னே நிற்கும். 20 ரூபாத் தாளில் டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் இசெட்டைக் கண்டால் எடுத்து வையுங்கள். அதன் ஆறு இலக்கம் எந்த அழகும் இல்லாததாக இருந்தாலும் பரவாயில்லை. அச்சாகும் தாள்களில் மிகச் சிறு பங்கே மாற்றுத் தாள் என்பதால் அந்த எழுத்தே அதன் அருமை. தங்களைப் போல் கட்டுக்கட்டாக எண்ணியவர்கள் தம் ஊர் இளைஞருக்கு இதைக் காட்டிக் கொடுத்தால், ஒரு புத்தகம் செய்ய முடியாத வேலையைச் செய்தவர்களாவார்கள்.

கேள்வி: மகளின் பிறந்த திகதி அமைந்த தாளை அவளுக்குப் பரிசளிக்க விரும்புகிறேன். கிடைக்குமா?
– நிலாவெளி

பதில்: கிடைக்கும், பொறுமை வேண்டும். நாள், மாதம், வருடம் என்று இரண்டிரண்டு இலக்கமாக எழுதினால் சரியாக ஆறு இலக்கம் வருகிறது. 2009 மார்ச் 17 என்றால் 170309. ஒவ்வொரு தொகுதியிலும் அத்தகைய தாள் ஒன்று இருக்கும். அதைக் கல்லாவில் காத்திருந்து பிடிப்பது கடினம். கொழும்பில் நாணயத்தாள் விற்பவர்களிடம் எண்ணைச் சொல்லி வைப்பதே நடைமுறை. வருடத்தை முன்னே எழுதும் முறையையும் ஏற்றுக்கொண்டால் 090317 என்பதும் உங்கள் மகளுடைய எண்ணே, தேடல் பாதியாகக் குறையும்.

கேள்வி: எங்கள் வீடு டச்பே கடற்கரைப் பக்கம். அலுமாரியில் வைத்திருந்த தாள்களில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. ஒரு நண்பர் மினுக்கி வைக்கும்படி சொல்கிறார். செய்யலாமா?
– திருகோணமலை

பதில்: தயவுசெய்து தாளில் மினுக்கும் பெட்டியை வைக்காதீர்கள். கழுவவும் வேண்டாம். நாணயத்தாள் பருத்தி நாரால் செய்யப்பட்டது. அச்சின்போது பெரும் அழுத்தத்தில் எழுந்த மேடுகளை விரலால் தடவி உணரலாம். சூடும் நீரும் அந்த மேடுகளைத் தட்டையாக்கிவிடும். மடிப்பு கண்ணுக்கு மறையலாம், ஆனால் தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார். மடிந்த தாள் மடிந்த தாளாகவே இருப்பது மேல்.

நம்மூரில் தாளுக்கு இரண்டு பருவங்கள் பகை. மாரியில் மாதக்கணக்கில் ஈரம், அதோடு கடற்காற்றின் உப்பு. அந்த ஈரத்தில்தான் உங்கள் பழுப்புப் புள்ளிகள் பிறக்கின்றன. பிறகு கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் எல்லாம் வரண்டு முறுகும். ஈரத்திலும் வறட்சியிலும் மாறி மாறிக் கிடந்த தாள் ஓரத்திலிருந்து நெளியத் தொடங்கும். கடலைப் பார்த்த சுவரில் உள்ள அலுமாரியைத் தவிருங்கள். வீட்டின் நடு அறையில், சீமெந்துத் தரையிலிருந்து உயரமாக, மூடி இறுகிய பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதிகளோடு வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், ஏனெனில் இராமபாணப் பூச்சி மூடியையும் பொருட்படுத்தாது. இறப்பர் பட்டியும் காகித ஊசியும் தாளின் பக்கத்திலேயே வரக்கூடாது. சேகரிப்பு எண்ணைப் பென்சிலால்கூடத் தாளில் எழுத வேண்டாம். நாணயத்தாளில் எழுதுவதும் அதனைச் சிதைப்பதும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம்.

உறையைப் பற்றி என் சொந்த இழப்பைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய மெதுமெதுப்பான பிளாஸ்டிக் அல்பத்தில் நாற்பது தாள்கள் வரை வைத்திருந்தேன். அவற்றில் ஒன்று மீன் சந்தையில் மீதிக் காசாகக் கிடைத்த 100 ரூபாத் தாள். எண் 630036, நான் கண்டெடுத்த முதல் மாலைமாற்று. ஒரு மூலையில் பாரை மீனின் செதிள் ஒட்டியிருந்த நிலையில் அது என் கைக்கு வந்தது. செதிளைக் கிள்ளாமல், தாளை இரண்டு நாள் உலரவிட்டு, அது தானாக உதிர்ந்த பின்பே உறைக்குள் வைத்தேன். அவ்வளவு பக்குவம் பார்த்தும் பயனில்லை. இரண்டு மாரி கழிந்து திறந்தபோது பிளாஸ்டிக்கின் உட்புறம் எண்ணெய் தடவியது போல் பிசுபிசுத்தது. தாளை இழுத்தபோது முதல் 6இன் வளைவு உறையோடு போய்விட்டது. இன்று அந்தத் தாளைப் பார்ப்பவர் அது 6 என்பதை ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். பீவீசீ எனப்படும் அவ்வகைப் பிளாஸ்டிக்கை மெதுமையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் வெப்பத்தில் வெளியே கசியும். பிளாஸ்டிக்கிலிருந்து அமிலமும் பிரியும். மைலார் எனப்படும் பொலியெஸ்டர் உறையோ பொலிப்புரொப்பிலீன் உறையோ கேட்டு வாங்குங்கள். மைலார் விலை கூடியது, தொட்டால் மொரமொரவென்று ஒலிக்கும். மூக்கில் வைத்தால் புதுச் செருப்பு மணக்கும் உறையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: 777777 எண் கொண்ட 1000 ரூபாத் தாளொன்றின் படத்தைக் கைபேசிக்கு அனுப்பி, முற்பணம் கேட்கிறார் ஒருவர். இதைவிட உயர்ந்த விலைக்கு இணையத்தில் விளம்பரங்களும் இருக்கின்றன. வாங்கலாமா?
– சீனன்குடா

பதில்: தாளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

முதலில் விளம்பர விலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் கேட்கும் விலை வேறு, இன்னொருவர் கொடுத்த விலை வேறு. இங்கிலாந்து வங்கி 2016இல் 5 பவுண் பிளாஸ்டிக் தாளை வெளியிட்டபோது, ஏகே47 என்ற எழுத்தும் எண்ணும் முன்னே வந்த தாள்களுக்கு இணையத்தில் பெருந்தொகைகள் கேட்கப்பட்டன. இரண்டு எழுத்து, இரண்டு எண், அதன் பின் ஆறு இலக்கம் என்பதே அத்தாளின் அமைப்பு. அப்படியானால் ஏகே47 என்று தொடங்கும் தாள்கள் ஏறக்குறையப் பத்து இலட்சம்! முன்பகுதி எல்லாத் தாளுக்கும் பொது என்பதை ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்த்தவர்கள் ஏமாறவில்லை. உங்களுக்குக் காட்டப்படும் 777777 உண்மையானால் அப்படிப்பட்டதன்று. ஒரு தொகுதிக்கு ஒன்றுதான். அதனால்தான் அது போலியாகச் செய்வதற்கும் ஏற்றதாகிறது. 177777 என்ற சாதாரணத் தாளில் ஓர் இலக்கத்தைச் சுரண்டி மாற்றினால் போதும்.

தாள் கைக்கு வந்ததும் பத்து மடங்கு பெருக்கும் வில்லையால், தொடரிலக்கம் அச்சாகியிருக்கும் இரண்டு இடத்து எண்களையும் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், மையின் கருமை ஒரே அளவாக இருக்க வேண்டும், இலக்கங்களின் அடிக்கோடு ஒரே நேரில் நிற்க வேண்டும். இலக்கத்தின் கீழே ஓடும் மெல்லிய பின்னணிக் கோடுகள் எங்காவது அறுந்திருந்தால் அங்கே கத்தி பட்டிருக்கிறது. பிறகு இருட்டறையில் ஊதாக்கதிர் விளக்கைப் பிடியுங்கள். நாணயத்தாளின் காகிதம் மங்கலாகவே தெரியும்; எண்ணைச் சுற்றி மட்டும் ஒரு திட்டு வெளுத்து ஒளிர்ந்தால் இரசாயனம் பூசப்பட்டிருக்கிறது. விற்பவர் இவ்வளவு பரிசோதனைக்கும் சம்மதிக்கிறாரா என்பதே பெரும்பாலும் உங்களுக்கு முடிவைச் சொல்லிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று: இரண்டு இடத்து எண்களும் வேறாக இருக்கும் தாள் எல்லாமே போலியன்று. எண் அச்சிடும் இயந்திரத்தில் ஒரு சிறு சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் அப்படியான அச்சுப்பிழைத் தாள் பிறக்கும். அவற்றையும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். பிழையா மோசடியா என்பதை அறிந்தவரிடம் காட்டிய பின்பே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: காலஞ்சென்ற அம்மப்பாவின் தகரப் பெட்டியில் மூன்று வகைத் தாள்கள் இருக்கின்றன. வாழைத்தார் படம் போட்ட 10 டொலர்த் தாள்கள் சில, அவற்றில் தொடரிலக்கமே இல்லை. 1960களின் 100 ரூபாத் தாள் இரண்டு. நடுவில் துளைக்கோடு போட்ட, முத்திரை போன்ற 5 சதத் தாள் ஒன்று. அவர் மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை செய்து, யுத்தத்தின் பின் திரும்பியவர். இவற்றை எங்கே மாற்றலாம்?
– உவர்மலை

பதில்: இவற்றை எந்த வங்கியிலும் மாற்ற முடியாது. அதற்காக ஒன்றையும் எறிந்துவிட வேண்டாம்.

வாழைத்தார்த் தாள்கள் 1942இலிருந்து 1945 வரை மலாயாவைப் பிடித்திருந்த யப்பானியர் வெளியிட்டவை. யுத்தம் முடிந்தவுடன் அவை வெறும் காகிதமாகிவிட்டன. மலாயாவிலிருந்து திரும்பிய நம்மவர் பலர் நினைவுக்காகக் கொண்டுவந்தார்கள். எண் இல்லாதது அச்சுப்பிழையன்று. மலாயாவைக் குறிக்கும் எம் எழுத்தில் தொடங்கும் தொகுதிக் குறியை மட்டும் இட்டு, அளவுகணக்கின்றி அடித்துத் தள்ளினார்கள். எத்தனை தாள் வெளியே போயிற்று என்று யாராலும் கணக்கு வைக்க முடியாத பணம் எப்படி விலை இழக்கும் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. தொடக்கத்தில் வந்த சிலவற்றில் தொடரிலக்கமும் இருந்தது. பெட்டியில் அப்படி ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருந்தால் மற்றவற்றைவிட அதுதான் அருமையானது.

100 ரூபாத் தாள்களின் கதை வேறு. 1970ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அப்போதைய நிதியமைச்சர் என். எம். பெரேரா புழக்கத்திலிருந்த 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதனவாக்கினார். மறைத்து வைத்திருந்த பணத்தை வெளியே கொண்டுவருவதே நோக்கம். வங்கிகளில் மக்கள் ஒப்படைத்தவை அழிந்தன. உங்கள் அம்மப்பா போன்றவர்கள் மறந்தோ மறைத்தோ வைத்தவை மட்டும் தப்பின. அதனால் அக்காலத்து 100 ரூபாத் தாளுக்கு, சாதாரணமான எண்ணாக இருந்தாலும், சேகரிப்பவரிடம் இடமுண்டு. எழுத்து, எண், திகதி, கையொப்பம் நான்கையும் பிரதிசெய்து எனக்கு அனுப்புங்கள். கொழும்புக்குப் போகும்போது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கி நடத்தும் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தில் உங்கள் தாள்களின் படங்களை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் மகிழ்ந்தது அந்த 5 சதத் தாளைப் பற்றி வாசித்தபோதுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் நம் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே வருடம் நாணயம் செய்ய உலோகம் கிடைக்காமல் போனதால் இலங்கை அரசாங்கம் சதக் காசுகளையும் காகிதத்தில் அச்சிட்டது. 5 சதத் தாளில் 1942 ஜூன் 1 என்ற திகதி இருக்கும். நடுவிலுள்ள துளைக்கோட்டில் கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். சில்லறை இல்லாத கடைக்காரர் கிழித்துத்தான் மீதி கொடுத்தார். கிழிப்பதற்கென்றே செய்யப்பட்ட தாள் என்பதால் இரு பாதியும் ஒட்டியபடி தப்பியவை அரியவை. எண்பது வருடத்துக்கு மேல் மடிந்து கிடந்த கடதாசி அந்தக் கோட்டில் நூல் போல் நலிந்திருக்கும். அதைக் கையால் தூக்காதீர்கள். கீழே ஒரு தடித்த கடதாசியைச் செருகி, அதோடு சேர்த்து மைலார் உறைக்குள் தள்ளுங்கள்.